என் பெயரில் உமது நெஞ்சு

லிண்ட்சே, கலிஃபோர்னியா
2022 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை, காலை 10.15

ஃபிதென்சியோ லுகாத்தேரோ அவர்களுக்கு,

உமக்கும் எனக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷமும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. அந்த நிலையை மாற்றுவதற்காக இதை நான் எழுதவில்லை. உமக்குச் சொந்தமான ஒன்று தவறுதலாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை உரியவரிடம் ஒப்படைப்பது என் கடமை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீர் நினைக்கலாம். தொலைபேசியில் பேசும் வார்த்தைக்குத் தேதி கிடையாது. மேலும், நாம் கடைசியாக அதில் பேசியது நல்லபடியாக முடியவில்லை.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 3, புதன்கிழமை, கிளினிக்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ‘திரு. அனிசெட்டோ உர்பினா, பிறந்த தேதி 1949 ஏப்ரல் 17. ஜூலை 13 அன்று எங்கள் நடமாடும் வண்டியில் எடுத்த எக்ஸ்ரேயில், உங்கள் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிகிறது. தாமதிக்காமல் நேரில் வரவும்.’

ஜூலை 13 அன்று காலை 8.40 முதல் 11.25 வரை குளிர்பெட்டியைப் பழுதுபார்ப்பவருக்காக நான் வீட்டில் காத்திருந்தேன். அதன்பின் அவர் வந்து ஒரு மணி நேரம் அதன் பின்னால் படுத்திருந்தார். மாலைவரை நான் வாசலைத் தாண்டவில்லை. இவை அனைத்தும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. ஆகவே அந்த நெஞ்சு என்னுடையதன்று. என் பெயரையும் என் பிறந்த தேதியையும் சொல்லிக்கொண்டு நடமாடும் நெஞ்சு உலகில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

1988 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, என் சமையலறை மேசையில், உம் அக்காவும் என் மனைவியுமான ரெமேதியோஸ் கேட்டுக்கொண்டதற்காக, என் பெயரையும் சமூகக் காப்பீட்டு எண்ணையும் உமக்கு இரவல் கொடுத்தேன். பேப்பர் இல்லாமல் குடியேறியவர்களுக்கு அரசு தந்த பொது மன்னிப்பில் எனக்குப் பேப்பர் கிடைத்துவிட்டது. நீரோ அது முடிந்தபிறகே எல்லை கடந்து வந்தீர். வேலை செய்வதற்கென்றுதான் கொடுத்தேன். இருமுவதற்கென்று கொடுக்கவில்லை.

உமது முகவரியை, இங்கே மாதாகோவில் திருவிழாவுக்கு, சோளமாவை இலையில் கட்டி அவிக்கும் டமாலே விற்க அர்வினிலிருந்து வந்த எவுஸ்தோலியாவிடம் வாங்கினேன். “பக்கத்து ரூமுதான். அவரு இருமுற இருமலுக்கு என் வீட்டுச் சுவத்துல மாட்டின மாதா படமே கோணிக்கிச்சு” என்றார். கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். இம்மாதம் 24-க்குள் போய்க் காட்டவும்.

இப்படிக்கு,
அனிசெட்டோ உர்பினா (அசல்)


அர்வின்
வியாழக்கிழமை

மச்சான்,

எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், நீங்க திருத்திப் படிச்சுக்குங்க.

உங்க கடுதாசி வந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சு மச்சான் எழுதியிருக்காரேன்னு கையைக்கூடக் கழுவாம பிரிச்சேன். பாத்தா குளிர்பெட்டி ரிப்பேர்க்காரன் கதை. இப்ப அது ஓடுதா?

ஆமா, நான்தான். வேற யாரு? பாதாம் தோப்புக்கே வண்டி வந்துச்சு. மேஸ்திரி, “இருமுறவன் எல்லாம் ஏறுங்கடா, உங்க கச்சேரி தாங்கல”ன்னான். ஏறினேன். பேரு கேட்டாங்க. முப்பத்துநாலு வருஷமா எதைச் சொல்றேனோ அதைச் சொன்னேன். தோப்புல, சம்பளக் கவுண்டர்ல, டாக்டர்கிட்ட, எல்லா இடத்துலயும் நான் அனிசெட்டோதான். ஏப்ரல் 17-ஆம் தேதி எனக்குக் கேக் வெட்டுறாங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?

இது தூசி இருமல் மச்சான். மெஷின் மரத்தைப் பிடிச்சு உலுக்கும்போது பக்கத்துல நிக்கிறவன் தெரிய மாட்டான். இங்க இருமாதவன்தான் சீக்காளி. முன்னாடி ரெண்டு தடவை காட்டினேன், “ஃப்ளூ”ன்னு சிரப் குடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப நிழலாம். வெயில்ல நிக்கிறவனுக்கு நிழல் இருக்கத்தானே செய்யும்?

நான் போக மாட்டேன். உங்க பேரைச் சொல்லிப் போனா நோய் உங்க தலையில ஏறும். என் பேரைச் சொன்னா, “அப்ப இத்தனை நாளா நீ யாரு?”ன்னு கேப்பாங்க, உங்க பென்ஷனுக்கே வேட்டு வரும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. நீங்களே போய்ச் சட்டையைக் கழட்டிக் காட்டுங்க. உங்க நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். சிகரெட்டும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. நிழல் போயிடுச்சுன்னு எழுதி மூடிடுவாங்க. விஷயம் முடிஞ்சுது.

போன்ல நீங்க அன்னைக்குச் சொன்னதை நான் மறக்கல. “என் பேரை எடுத்துக்கத் தெரிஞ்சுது, உன் அக்கா குழியில ஒரு பிடி மண்ணு போட வரத் தெரியலியே”ன்னீங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட இருந்து எதையும் வாங்கிக்க எனக்கு மனசில்ல. என் நோயைக்கூட.

ஃபிதென்சியோ


லிண்ட்சே
2022 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை, காலை 8.30

ஃபிதென்சியோ லுகாத்தேரோ அவர்களுக்கு,

தேதியிடப்படாத உமது கடிதம் ஆகஸ்ட் 15, பகல் 1.20-க்குக் கிடைத்தது. ‘வியாழக்கிழமை’ என்பது தேதி ஆகாது. ஒரு வருஷத்தில் ஐம்பத்திரண்டு வியாழக்கிழமைகள் உண்டு. குளிர்பெட்டி ஓடுகிறது.

நீர் சொன்னதைச் செய்தேன். ஆகஸ்ட் 17, காலை 9.00 மணிக்குக் கிளினிக்குக்குச் சென்று சட்டையைக் கழற்றினேன். புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஐயா, அதிசயந்தான் போங்க! நிழலையே காணோம். ஃபைலை மூடிடலாம், நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

நீர் எதிர்பார்த்தபடியே நடந்தது. நானும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். மூன்றாவது பொத்தானில் கை நின்றுவிட்டது. அந்தக் கோப்பு மூடப்பட்டால் உமது நுரையீரலில் இருக்கும் நிழலைத் தேட இந்த நாட்டில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆரஞ்சுப் பெட்டி கட்டும் கொட்டகையில் இருபத்தொன்பது வருஷம் நேரக்கணக்கு எழுதியவன் நான். ஒருவன் உழைத்த மணியை இன்னொருவன் பெயரில் நான் எழுதியதில்லை, 1988-இல் செய்த அந்த ஒன்றைத் தவிர.

“அந்த முதல் படம் என்னுடையது இல்லை” என்றேன்.

“பின்ன யாருது?”

“ஒரு ஆளுடையது.”

டாக்டர் விழித்தார். யதீரா என்ற நர்ஸ் அவரை வேறொரு நோயாளியிடம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஐயா, இந்தப் பள்ளத்தாக்குல ஒரு பேருக்கு ரெண்டு மூணு நெஞ்சு இருக்கிறது எனக்குப் புதுசில்ல. எங்கப்பாவே பதினோரு வருஷம் வேற ஒருத்தரா இருந்தாரு. அந்த ஆளை அவரோட சொந்தப் பேர்ல கூட்டிட்டு வாங்க. இந்த மே மாசத்துல இருந்து, ஐம்பது வயசு தாண்டினவங்களுக்குப் பேப்பர் இல்லாட்டியும் மாநிலக் காப்பீடு உண்டு. யாருன்னு காட்ட ஒரு சான்று இருந்தா போதும். இத்தனை நாள் யாரா இருந்தீங்கன்னு நாங்க கேக்கப் போறதில்ல.”

அதன்பின் அவள் கணினியில் என் பழைய பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று நிறுத்தினாள்.

“ஐயா, 2019 அக்டோபர் 22-ல எங்க அர்வின் கிளினிக்ல ரத்தம் குடுத்தீங்களா?”

நான் அர்வினில் கால் வைத்துப் பத்து வருஷம் ஆகிறது.

நீர் உட்கார்ந்துகொண்டு மேலே படிப்பது நல்லது. 2019 நவம்பர் 4 அன்று, எனக்கு நீரிழிவு என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து தினம் இரண்டு மாத்திரை விழுங்கிவருகிறேன். கோன்சா ரொட்டியின் மேலிருக்கும் சர்க்கரை ஓட்டைக்கூட நக்கிப் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, “உங்களை மாதிரிக் கட்டுப்பாடு யாருக்கு வரும்?” என்று அவர்கள் பாராட்டுவார்கள், நானும் அடக்கத்தோடு ஏற்றுக்கொள்வேன். அந்த ரத்தம் உம்முடையது. அந்தச் சர்க்கரை உம்முடையது. ஆயிரத்துப் பதினேழு நாள் உமது பத்தியத்தை நான் இருந்திருக்கிறேன். அந்த ஆயிரத்துப் பதினேழு நாளும் நீர் என்ன தின்றீர் என்று எனக்குத் தெரியாது, ஊகிக்க முடிகிறது.

கோப்பை மூட நான் விடவில்லை. செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை, காலை 10.30-க்கு, ஃபிதென்சியோ லுகாத்தேரோ என்ற பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். அர்வினில் உம்மை அனிசெட்டோ என்றே அறிவார்கள். ஆகவே இங்கே வாரும். என் பென்ஷன் என் கவலை.

அ. உர்பினா


அர்வின்
திங்கள். ஆகஸ்ட்டு இருபதுக்கு மேல ஏதோ ஒண்ணு.

மச்சான்,

மன்னிச்சுக்குங்க. உங்க மாத்திரைக் கதையை எவுஸ்தோலியாவுக்கும் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் அழுதுட்டோம், சிரிச்சு. “அந்த மனுசன் இனிப்பைக் கண்டா கண்ணைத் திருப்பிக்கிட்டுப் போனாரே, இந்தப் பாவி இங்க நாளுக்கு மூணு கோக் குடிச்சானே”ன்னு தலையில அடிச்சுக்கிறா. நல்லவேளை, எனக்குப் பல்வலி வரல. வந்திருந்தா உங்க பல்லைப் பிடுங்கியிருப்பாங்க.

சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துச்சு. கைக்குட்டையில கொஞ்சம் ரத்தம். கொஞ்சம்னா கொஞ்சந்தான். இந்த வரியை ரெண்டு தடவை எழுதி அடிச்சேன், பாருங்க, மேல தெரியும். பெல்ட்டுலயும் புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்.

நீங்க நேரம் வாங்கிட்டீங்க. ஆனா சொந்தப் பேர்ல வான்னா, அந்தப் பேரு என்கிட்ட எங்க இருக்கு? இந்த உலகத்துல என் பேர் எழுதின ஒரே பேப்பர் என் பிறப்புச் சான்றிதழ். அது அக்காவோட நீல பிஸ்கட் டப்பால, ஊசி நூலுக்கு அடியில இருக்கு. தொலைச்சுடுவேன்னு அவதான் வாங்கி வெச்சா. அவ போனப்புறம் உங்ககிட்ட கேக்க வாய் வரல. கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்கும் தெரியும்.

இன்னொண்ணு. சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். ரத்தத்தைப் பாத்தப்புறம், சொல்லாம போனா யாருக்கு லாபம்னு தோணுது.

அக்காவைப் புதைக்க மெக்சிகோவுக்கு, நம்ம ஹாலிஸ்கோவுக்குக் கொண்டு போன அன்னைக்கு நான் வந்தேன் மச்சான். கேரட் லாரியில ஏறி சான் இசித்ரோ வரைக்கும் வந்தேன். எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டுக்கு மேல நடைபாலம் ஒண்ணு இருக்கு. எல்லையைத் தாண்டினா நான் திரும்ப வர முடியாது. என் சம்பளத்தை நம்பி ஊர்ல மூணு பேர் இருந்தாங்க. பாலத்து மேலயே நின்னுட்டேன். கறுப்பு வேன். முன் சீட்ல நீங்க, கழுத்து விறைப்பா, நேரா பாத்துக்கிட்டு. ஒரு செகண்டு மேல பாத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் போயிட்டீங்க.

அதனாலதான் நீங்க போன்ல அப்படிச் சொன்னப்ப நான் போனை வெச்சுட்டேன்.

ஃபிதென்சியோ


லிண்ட்சே
2022 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. வந்த நேரத்தை எழுதிவைக்க மறந்துவிட்டேன்.

2013-ஆம் வருஷத்து நாட்குறிப்பை எடுத்தேன். மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. என் கையெழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

‘பகல் 11.40. எல்லைக்கு முன் நடைபாலம். சாம்பல் நிறத் தொப்பி அணிந்த ஒருவர் எங்கள் வண்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நாங்கள் கடந்து போகும்வரை அசையாமல் நின்றார். யாரோ. இந்தக் காலத்தில் இத்தகைய மரியாதை அரிது.’

அந்த ‘யாரோ’வைப் பற்றி நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ரெமேதியோஸுக்கு வழியில் கிடைத்த ஒரே மரியாதை அது என்று பங்குத் தந்தையிடம் சொன்னேன். அதைச் செய்தவனைத்தான் இருபத்தொரு நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, தொலைபேசியில் அப்படிக் கேட்டிருக்கிறேன். இன்று காலை ‘யாரோ’ என்பதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். எழுதி முடித்த நாட்குறிப்பில் நான் செய்த முதல் திருத்தம் இதுதான்.

நீல டப்பா என் அலமாரியில் இருக்கிறது. உன் சான்றிதழ் அதில் இருப்பது 2013 மே மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். வேண்டுமென்றே அனுப்பவில்லை. இதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

பதிவுத் தபாலில் இணைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருந்த இடத்தில் பின்பக்கமாக ஒட்டுத்தாள் போட்டேன். ‘1954 நவம்பர் 16, ஆண் குழந்தை, ஃபிதென்சியோ.’ நாட்காட்டியில் அன்று அந்தப் புனிதரின் நாள். உன் அப்பா வேறு பெயர் தேடிச் சிரமப்படவில்லை. என் அப்பாவும் அப்படித்தான், ஏப்ரல் 17-ஐப் பார்த்து என்னை அனிசெட்டோ ஆக்கினார். நம் ஊரில் பெயரும் தேதியும் ஒன்றாகவே பிறக்கின்றன. உனக்கு என் தேதியையும் சேர்த்துக் கொடுத்தேனே, அது எவ்வளவு பெரிய சுமை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

9-ஆம் தேதி காலை 7.00 மணிக்கு உன் வாசலில் காரோடு நிற்பேன். 7.05-க்கு அல்ல.

அனிசெட்டோ


அர்வின்
செப்டம்பர் 13, செவ்வாய் (எவுஸ்தோலியா வீட்டுக் காலண்டரைப் பாத்து எழுதுறேன்)

மச்சான்,

கால் இன்னும் வலிக்குது.

அந்தப் பொண்ணு கவுண்டர்ல “பேரு?”ன்னா. வாய் தானா “அனிசெட்டோ உர்பி...”ன்னு போயிடுச்சு. அதுக்காக ஒரு எழுபத்துமூணு வயசுக்காரர் அறுபத்தேழு வயசு நோயாளியோட காலை இப்படியா மிதிப்பாரு? பிறந்த தேதின்னா. “ஏப்ரல்”னு ஆரம்பிச்சேன். அடுத்த கால். பின்னால உக்காந்திருந்த கிழவி, “பாவம், அந்த ஆளுக்குத் தன் பேரே ஞாபகமில்ல, மூளைக்கும் ஒரு படம் எடுங்கம்மா”ன்னது காதுல விழுந்துச்சா?

கார்ல நீங்க பேசுவீங்கன்னு நினைச்சேன், நான் பேசுவேன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. எழுபது மைல், வைப்பர் ரப்பரைப் பத்தி மட்டும் பேசிட்டு வந்தோம். வெயில் காலத்துல. பரவால்ல. நல்லாத்தான் இருந்துச்சு.

அந்தக் குகை மாதிரி மெஷினுக்குள்ள படம் எடுத்தாங்க, எட்டு குப்பி ரத்தம் எடுத்தாங்க. டாக்டர், “புத்துநோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ரெண்டு வாரம் பொறுங்க”ன்னாரு. நீங்க வெளியில தண்ணி வாங்கப் போயிருந்தீங்க. வந்தப்ப “ஒண்ணும் சொல்லல”ன்னு நான் சொன்னது பொய்.

பயமா இருக்கு மச்சான். உங்க பேர்ல இருந்தப்ப இவ்வளவு பயமில்ல. செத்தா சாகப் போறது அந்த அனிசெட்டோதானேன்னு ஒரு தைரியம். இப்ப மணிக்கட்டுல கட்டின பட்டையில ஃபிதென்சியோ லுகாத்தேரோன்னு அச்சுல இருக்கு. கழட்ட மனசில்லாம இன்னும் கட்டியிருக்கேன். குளிக்கும்போது பிளாஸ்டிக் பை சுத்திக்கிறேன்.

ஃபிதென்சியோ


லிண்ட்சே
2022 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, மாலை 6.10

மாப்பிள்ளை,

நீ சொன்னது பொய் என்று அப்போதே தெரியும். தண்ணீர் வாங்கும் இயந்திரம் கதவுக்கு வெளியில்தான் இருந்தது, கதவு மெல்லியது.

என் ரத்தத்தை மறுபடி சோதித்தார்கள். எனக்கு நீரிழிவு இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் என்னைக் கண்டதும் ஒரு தட்டு கோன்சாவை நீட்டினார். வேண்டாம் என்றேன். உன் முடிவு வரும்வரை தொடுவதில்லை என்று தீர்மானம். ஆயிரத்துப் பதினேழு நாள் இருந்தவனுக்கு இன்னும் பத்து நாள் பெரிதன்று.

தோப்புக்குப் போகாதே. இருமல் வந்தால் நேரத்தைக் குறித்து வை; டாக்டருக்கு உதவும். உனக்கும் கை சும்மா இருக்காது.

மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். எனக்கு அதில் அதிக நம்பிக்கை இல்லை, ரெமேதியோஸுக்கு இருந்தது.

அனிசெட்டோ


அர்வின்
செப்டம்பர் 28, புதன், சாயங்காலம் நாலரை

மச்சான்!

புத்துநோய் இல்ல!

முதல்ல இதை எழுதிட்டேன், மத்தது அப்புறம். போய் அந்தக் கோன்சாவைத் தின்னுட்டு வந்து மீதியைப் படிங்க.

யதீரா போன் பண்ணினா. “ஃபிதென்சியோ லுகாத்தேரோவா?”ன்னா. “ஆமா”ன்னேன், ஒரே தடவையில, யாரும் கால் மிதிக்காம. டாக்டர்கிட்ட குடுத்தா. இந்த மண்ணுல இருக்கிற ஒரு பூஞ்சையாம் மச்சான். தூசியோட மூச்சுல ஏறி நுரையீரல்ல உக்காந்துக்குமாம். பள்ளத்தாக்குக் காய்ச்சல்னு பேராம். பலருக்கு அது தானா போயிடும், எனக்குச் சர்க்கரை கவனிக்காம கிடந்ததுனால அது சொகுசா குடித்தனம் பண்ணியிருக்கு. மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும், சரியாயிடும்னாரு. சர்க்கரைக்கும் மாத்திரை. இந்தத் தடவை நானே முழுங்குறேன், நீங்க சிரமப்பட வேண்டாம்.

“ரெண்டு வருஷமா இருமியிருக்கீங்க, ஒருத்தரும் இந்த ரத்த டெஸ்ட் எழுதலியா?”ன்னு கேட்டாரு. “ஃப்ளூன்னாங்க டாக்டர். எங்களுக்கு எல்லாமே ஃப்ளூதான்”னேன். “அதையும் உங்க ஃபைல்ல எழுதி வெக்கிறேன்”னாரு.

அந்த நிழலை உங்க ஃபைல்லயே மூடியிருந்தா இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்க மாட்டேனாம். சட்டையோட மூணாவது பட்டன்னு எழுதியிருந்தீங்களே. அந்தப் பட்டன் நல்லா இருக்கட்டும்.

தோப்புல பசங்ககிட்டச் சொன்னேன். இருமுறவங்க எங்க கூட்டத்துல பதினோரு பேர். சேமாவோட எக்ஸ்ரே அவன் ஒண்ணுவிட்ட தம்பி பேர்ல, ஓரிகன்ல எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கு. அவன் தம்பி அதைக் குப்பையில போட்டுட்டானாம், “நான் நல்லாத்தானே இருக்கேன்”னு. யதீராகிட்டச் சொன்னேன். சனிக்கிழமை வேனோட நானே வர்றேன்னுட்டா. “சொந்தப் பேரோட வரச் சொல்லுங்க, ஞாபகம் இல்லாதவங்க வீட்ல கேட்டுட்டு வரட்டும்”ங்கிறா. பதினோரு பேருக்கும் நான்தான் கால் மிதிக்கிற ஆள்.

நான் தோப்பை விட்டுட்டேன். எவுஸ்தோலியாவுக்கு டமாலே கட்டித் தர்றேன். “ஃபிதென்சியோ, இலையை இறுக்கிக் கட்டுடா”ன்னு நாள் முழுக்க என் பேரைச் சொல்லித் திட்டுறா. கேக்க நல்லாயிருக்கு.

ஃபிதென்சியோ


லிண்ட்சே
2022 அக்டோபர் 1, சனிக்கிழமை, காலை 8.05

அன்புள்ள மாப்பிள்ளை,

இன்று காலை 7.40-க்கு உன் கடிதத்தைப் படித்தேன். 7.52-க்கு ஒரு கோன்சா தின்றேன், இளஞ்சிவப்பு நிறம். 7.58-க்கு இன்னொன்று. பேக்கரிக்காரர், “என்ன ஐயா, சர்க்கரை?” என்று பதறினார். “அது என்னுடையது இல்லை, மச்சினனுடையது” என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. விளக்கம் சொல்ல வாய் காலியாக இல்லை.

முறைப்படி எழுதிவைக்க வேண்டியவை இரண்டு உண்டு.

1988 பிப்ரவரி 9 அன்று இரவல் கொடுத்த என் பெயரை, 2022 செப்டம்பர் 9 அன்று, அதாவது சரியாக முப்பத்துநான்கு வருஷம் ஏழு மாதம் கழித்து, கிளினிக் கவுண்டரில், சேதமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு நீ ஒருநாளும் எனக்குத் தலைகுனிவு வரும்படி நடந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

2013 ஏப்ரல் 2 அன்று நான் சொன்ன வாக்கியத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். அதற்குத் தேதி இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது. நீயும் வைத்திருந்தாய், நானும் வைத்திருந்தேன்.

நவம்பர் 2, இறந்தோர் திருநாள் அன்று, ரெமேதியோஸின் படத்துக்கு முன் படையல் மேசை போடுகிறேன். டமாலேக்கு நீதான் பொறுப்பு. இனிப்பு உனக்குக் கிடையாது. உன் பங்கையும் நானே தின்பதாக இருக்கிறேன், பழைய கணக்கு நேராகும்வரை. வரும் மார்ச் 12-உடன் அவளை ஊருக்குக் கொண்டுபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஹாலிஸ்கோவுக்குப் போய்வர இருக்கிறேன். உன்னால் வரமுடியாது என்பது தெரியும். எப்போதும் தெரிந்துதான் இருந்தது, தெரியாததுபோல் நடந்துகொண்டேன்.

அனிசெட்டோ


அர்வின்
2022 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை, மாலை 5.20 (கடிகாரத்தைப் பார்த்துவிட்டு)

அன்புள்ள மச்சான்,

தலைப்பை உங்களை மாதிரியே எழுதிட்டேன். பாத்துட்டு மார்க் போடுங்க. மீதி என் பாஷைதான்.

புதன்கிழமை, நவம்பர் 16, எனக்கு அறுபத்தெட்டு. முப்பத்துநாலு வருஷத்துல முதல் தடவை சரியான நாள்ல. பசங்க கேக் வாங்கிட்டு வந்தாங்க. சேமா கத்தியை என் கையில குடுத்துட்டு, “அண்ணே, அப்ப ஏப்ரல்ல தின்ன கேக்கெல்லாம்?”ன்னான். “அது என் மச்சானோடது, அவருக்கே தெரியாம நாம தின்னோம்”னேன். நான் ஒரு விரல் நுனி கிரீம்தான் எடுத்தேன். சத்தியம். எவுஸ்தோலியா சாட்சி. நேத்து சேமாவோட டெஸ்டும் வந்துச்சு: அதே பூஞ்சை, ஆனா சீக்கிரமே பிடிச்சுட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சு.

என் இருமல் குறைஞ்சிடுச்சு. எவுஸ்தோலியா மாதா படத்தை நேரா மாட்டிட்டா, பதினெட்டு நாளா நேராவே இருக்கு. நான் குறிச்சு வெச்சிருக்கேன்.

இந்தப் பார்சல்ல ஒண்ணு அனுப்பியிருக்கேன். மார்ச்சுல ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போங்க.

அக்காவுக்கு ஒரு பிடி மண்ணு அனுப்பலாம்னுதான் நினைச்சேன். இத்தனை வருஷம் நான் வேலை செஞ்ச தோப்போட மண்ணு. டப்பால அள்ளிக்கூட வெச்சேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு, இந்த மண்ணுலதானே அந்தப் பூஞ்சை இருக்கு. அவளுக்கு ஏற்கனவே மூச்சுத் தொந்தரவு. கொட்டிட்டுக் கையைக் கழுவிட்டேன்.

அதனால தொப்பி. சாம்பல் கலர். உங்க நாட்குறிப்புல இருக்கிற அதே தொப்பிதான், வேணும்னா சரி பாத்துக்குங்க. அதுக்குப் பேப்பர் கேக்க மாட்டாங்க. நடைபாலம் வரும்போது உங்க மடியில வெச்சுக்குங்க. ஊர் போய்ச் சேர்ந்ததும் அவ தலைமாட்டுல கொஞ்ச நேரம் வெச்சிட்டு, திரும்ப எடுத்துட்டு வாங்க. எனக்கு வேணும். அப்புறம் வெயில் காலம் வந்துடும், நான் இன்னும் ரொம்ப நாள் இருக்கப் போறேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
ஃபிதென்சியோ லுகாத்தேரோ
பிறந்த தேதி 1954 நவம்பர் 16
(அசல்)